போதகர் கேட்ட முடிவு

எப்சிபாவின் கதை பத்திரிகையில் வந்த ஞாயிறன்றே, அவளுடைய அண்ணன் இஸ்ரவேல் போதகர் ஆராதனை முடிந்த கையோடு, வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் அவள் வீட்டுக்கு வந்துவிட்டார். கதையில் ஒரு போதகர், இந்துப் பையனைக் கட்டிக்கொண்டவள் என்பதற்காகச் சொந்தத் தங்கையின் சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடாமல் கேட்டைப் பூட்டுகிறார். அது அவர்களுடைய கடைசித் தங்கை சுகிர்தாவுக்கு நடந்தது. அம்மாவின் பக்கத்தில் அடக்கமாக ஆசைப்பட்டவளை ஓடைக்கரையில் புதைத்தார்கள். அன்று கேட்டுக்கு முன்னால் நின்று அண்ணனிடம் கெஞ்சியவள் எப்சிபா. அவரும் ஒருநாள் கெஞ்ச வேண்டும் என்றுதான் எழுதினாள். பெயரை மட்டும் மாற்றியிருந்தாள்.

"சபையில எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சிரிக்காவ," என்றார் அவர். "எழுதுனது எழுதிட்ட. புஸ்தகமா போடும்போது, அந்தப் போதகர் கடைசியில அழுது மன்னிப்புக் கேக்குற மாதிரி மாத்திரும்மா."

"அவரு கேக்கலியே, அண்ணே."

"கதைதானே பிள்ள."

"நீங்க கேளுங்க. நான் எழுதுதேன்."

அவர் கேட்கவில்லை. "ஜெபம் பண்ணிட்டுப் போறேன்" என்று எழுந்து, கண்ணை மூடி, கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினார். அவளும் கூடவே சொன்னாள். பிறரை மன்னிக்கும் வரி வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். தன் குரல் மட்டும் தனியாகக் கேட்பதை உணர்ந்து அவர் தடுமாறினார். எப்சிபா கண்ணைத் திறந்து, அந்தத் தடுமாற்றத்துக்கு ஏற்ற வார்த்தையைத் தேடியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.