எண்ணாமல் கிடைத்த விடை

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் சிரிக்கலாம். வரப்போகும் மாமனாரின் முகத்துக்கு நேரே சிரித்திருக்கக் கூடாது.

தேத்தண்ணித் தட்டோடு வந்த ரூபினி, சோபாவில் தன் அப்பா இராமையாவுக்குப் பக்கத்தில் இருந்த செல்லையாவைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

செல்லையா எழுந்துவிட்டார். “டேய் விமலா, கெளம்பு. லெம்பா பெர்த்தாம்லேர்ந்து இந்த எஸ்டேட்டுக்கு வேடிக்கை காட்டவா வந்தேன்?”

“சின்னப் புள்ளைங்க, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் இராமையா.

மாப்பிள்ளை விமலனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. “இருங்கப்பா, கேட்டுட்டு வந்துடுறேன் லா,” என்று அடுப்படி வாசலுக்குப் போனான். திரும்பி வந்தவனும் வாயைப் பொத்தியிருந்தான்.

“காலையிலேர்ந்து அவங்க ஒரு கணக்க நெனச்சு நெனச்சு சந்தோசமா இருந்தாங்களாம்பா. நம்ம நாட்டுல முப்பது மில்லியன் பேருக்கு மேல இருக்கோம். யாரு தலையிலயும் ஒரு மில்லியன் முடிகூட கெடையாது. ஆளுக்கு ஒரு தனி எண்ணிக்கைன்னு குடுத்தா எண்ணிக்கை பத்தாது. அதனால யாரோ ரெண்டு பேருக்கு ஒரே எண்ணிக்கையில முடி இருந்தே ஆகணும். ஒரு தலையக்கூட எண்ண வேணாம்.”

“அதுக்கு என்னைப் பாத்து ஏன்டா சிரிக்கணும்?”

“அந்த ரெண்டு பேரு எங்க இருப்பாங்கன்னு யோசிச்சுகிட்டே தட்டத் தூக்கிட்டு வந்தாங்களாம்.”

செல்லையா இராமையாவைப் பார்த்தார். பெண் வரும்போது தொப்பியோடு இருப்பது மரியாதையில்லை என்று, குளிருக்குப் போட்டிருந்த கம்பளித் தொப்பிகளை இருவரும் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். கூரையில் எரிந்த விளக்கு இரண்டு தலையிலும் ஒரே மாதிரி மின்னியது.

செல்லையா உட்கார்ந்து, ஒரு கோப்பையை எடுத்து இராமையாவிடம் நீட்டினார்.

“தேத்தண்ணி ஆறுது, குடிங்க சம்பந்தி.”