கிழிக்கிற காட்சி

பேனா எழுதியது.

அவள் கை நின்றது. தாளில் இரண்டு எழுத்துகள் விழுந்திருந்தன. ஈரமான நீலம்.

மேடைப் பேனாவில் மை ஊற்றுவதில்லை. ஒருமுறை அவளுடைய வெள்ளைச் சேலையில் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து வெறும் பேனா, வெறும் தாள். கையெழுத்துப் போடுவதுபோல் அவள் கையை அசைப்பாள். பழக்கத்தில் தன் சொந்தக் கையெழுத்தையே அசைப்பாள்.

குனிந்து பார்த்தாள்.

முத்திரைத்தாள். தட்டச்சு செய்திருந்தது. தெற்குத் தெரு வீடு, அதன் நான்கு எல்லைகள். அதில் தனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை என்று குணசுந்தரி ஒப்புக்கொண்டிருந்தாள்.

நாடகத்தில் அவள் பெயர் செண்பகம்.

தேதி, மகளுக்குப் பங்கு தரும் சட்டம் வருவதற்கு ஒரு வருடம் முந்தையது.

எதிரே அண்ணன் அருணகிரி நின்றான். மேடையிலும் அண்ணன், வீட்டிலும் அண்ணன். நாடகக் குழு அவனுடையது. நாடகம் அவன் எழுதியது.

பழைய முடிவில் தங்கை கையெழுத்திட்டுவிட்டுப் படியிறங்கிப் போவாள். பெண்கள் அழுவார்கள். பிறகு ஆட்சி மாறியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தது. அந்த வாரமே அவன் முடிவை மாற்றினான். இப்போது தங்கை கையெழுத்திட்ட தாளை நீட்டுவாள். பேராசைக்கார அண்ணன் மனம் திருந்தி அதைக் கிழித்துப் பறக்கவிடுவான்.

கட்சி மாநாட்டுக்கு மாநாடு அழைத்தார்கள். இன்று பண்ருட்டி. முன்வரிசை முழுக்கச் சால்வைகள்.

வீட்டில் மூன்று முறை இதே தாளை நீட்டினான். தாத்தா கட்டிய வீட்டில் அவளுக்கு இருப்பது சமையலறையை ஒட்டிய ஓர் அறை. வயது முப்பத்தெட்டு. வந்த வரன்களை, இந்த சீசன் முடியட்டும், அடுத்த சீசன் முடியட்டும் என்று திருப்பி அனுப்பியவன் அவன்தான். அந்த அறைக்கு இப்போதே வாடகைக்கு ஆள் பார்த்துவிட்டாள் அண்ணி.

மூன்று முறையும் அவள் பேனாவைத் தொடவில்லை.

இங்கே தொடாமல் முடியாது.

"போடும்மா," என்றான். அது வசனம்.

பிறகு உதடு அசையாமல், "நிறுத்தாத குணா. மானம் போயிடும்." அது வசனம் இல்லை.

அவன் ஜிப்பாப் பையிலிருந்து இன்னொரு தாளின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. வெறும் தாள். கிழிப்பதற்கு.

அவளுக்குப் புரிந்தது. கிழிபடப்போவது அது; இது பைக்குள் போகும்.

நிறுத்தினால் நாளை வீட்டில் நான்காவது முறையும் நீட்டுவான். அங்கே அவள் ஒருத்தி. இங்கே நானூறு பேர்.

மூன்றாவது எழுத்தைப் போட்டாள். அவசரப்படாமல் பெயரை முடித்தாள். தாளைத் தூக்கி விளக்கின் பக்கம் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள். ஒத்திகையில் இது கிடையாது.

பிறகு நீட்டினாள்.

அவன் ஒரு முனையைப் பிடித்தான். அவள் மறுமுனையை விடவில்லை.

"கிழிண்ணே! கிழிச்சுப் போடு!" பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். விசில்.

"கூடப் பொறந்தவள ஏமாத்தி நீ என்னடா பாவி வாழப்போற?" பெண்கள் பக்கத்தில் ஒரு குரல். சிரிப்பு.

அவனுடைய இன்னொரு கை பையை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுப்பவர் பொறுத்துப் பார்த்தார். அருணகிரியின் வசனத்தை மெல்லச் சொன்னார்.

"இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்…"

அவன் சொல்லவில்லை.

மறுபடி, கொஞ்சம் உரக்க. இம்முறை மைக் அதை வாங்கிப் பந்தல் முழுக்கச் சொன்னது.

அருணகிரியின் முகம் வெளுத்தது. கண்ணில் நீர் திரண்டது. உதடு துடித்தது. முப்பது ஆட்டங்களில் அப்படி ஒரு முகத்தை அவன் காட்டியதில்லை.

சால்வை போட்டவர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். பந்தலே தட்டியது.

இந்தக் காட்சியில் கைதட்டல் எழுந்ததும் திரையை இறக்கிவிட வேண்டும். கயிற்றுக்காரனுக்கு அருணகிரியே சொல்லிவைத்தது.

திரை இறங்கத் தொடங்கியது.

தாள் முழுசாக இருந்தது. திரை விழுந்துவிட்டால் இங்கேயும் அவள் ஒருத்தி. அவள் இரண்டாவது கையாலும் அதைப் பிடித்தாள்.