சிவப்புத் தோட்டா

செங்கோட்டையன் மாமா இரண்டு தோட்டாக்களையும் உள்ளங்கையில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தார்.

செல்வப்பிரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஜவுளிக்கடையில் சேலை எடுக்கிறவள்கூட இவ்வளவு யோசிக்க மாட்டாள்.

எதிரே ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம். பதினைந்து நாளில் அறுவடை. பாதியை நாசம் பண்ணிய காட்டுப்பன்றி நடுவில் எங்கோ பதுங்கிக் கிடக்கிறது. அந்தக் கோடியிலிருந்து நாயோடு அதை விரட்டி வருவது அவள் புருஷன் தனபால்.

வெளியே வந்ததும் மாமா சுட வேண்டும். பன்றியைச் சுடப் பஞ்சாயத்து கொடுத்த உத்தரவு கையில் இருக்கிறது. கோவிந்தாபுரம் சுற்றுவட்டாரத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் மூன்று பேரில், கூப்பிட்டவுடன் வந்தவர் அவர் மட்டும்தான். வரப்பு வழுக்குகிறது என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வரப்பு என்னவோ காய்ந்துதான் கிடந்தது.

துப்பாக்கியில் ஒரு தோட்டாதான் போடலாம். பச்சையைப் போட்டால் ஒன்பது குண்டு சிதறும். பின்னால் வரும் தனபாலையும் விடாது. சிவப்பில் ஒரே குண்டு, வைத்த குறிக்குத்தான் போகும். இதை நேற்று அவரேதான் விளக்கினார். பிறகென்ன, சிவப்பை எடுத்துப் போட வேண்டியதுதானே?

மாமா ஒன்றை மோந்து பார்த்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். மற்றதையும் குலுக்கினார்.

நாய்க் குரைப்பு நெருங்கிவிட்டது. தட்டைகள் முறிந்தன. பன்றி எது, புருஷன் எது, ஒன்றும் தெரியவில்லை. கேட்டேவிடலாம் என்று திரும்பினாள்.

அதற்குள் மாமா கையை நீட்டினார். ஏழரை மணி வெயில் நேராக உள்ளங்கையில் விழுந்தது.

"அம்மிணி, இதுல செவப்பு எது?"

அவர் பார்வை அவள் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

செல்வப்பிரியா இரண்டையும் வாங்கி, சேலைக்கு மேல் போட்டிருந்த புருஷன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். சோளத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏனுங்க, பன்னி போனாப் போகுது, வெளிய வாங்க. தோட்டா நமுத்துப் போச்சு."

பன்றி வெளியே பாய்ந்து, அவர்களைக் கண்டதும் திரும்பச் சோளத்துக்குள்ளேயே புகுந்தது.

மாமா துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

வரப்பு வழுக்குகிறது என்று இந்த முறை அவளே சொன்னாள்.