எதிர்வீட்டுக் கத்தரிக்காய்

கழிவறைக் கழிவுநீரிலிருந்து செடிக்கு உரத்தைப் பிரித்தெடுக்கும் பெட்டியை வீட்டில் மாட்டிய நாள் முதல், மாமனார் மாடக்கண்ணு காலையில் பேருந்து நிலையக் கழிவறைக்குத்தான் போகிறார். "அந்தக் கண்றாவியப் போட்டு வளத்தத நான் திங்கவா?" என்பார். நானும் என் கணவரும் தரும் உரம் மட்டும் போதாமல் மாடிக் கத்தரிச்செடி பூவோடு நின்றுவிட்டது.

நேற்று எண்ணெய்க் கத்தரிக்காயை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"எந்தக் கடைக் காயிம்மா இது?"

"கடையில வாங்கல மாமா. எதிர்வீட்டு சிலுவைமுத்து அண்ணாச்சி குடுத்தது. அவங்க வீட்டுப் பெட்டி உரத்துல வெளஞ்சது."

சோற்றில் வைத்த கை நின்றது. எழுந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

"அவன் வீட்டு உரமா? ஏன், நம்ம வீட்டுது என்ன கொறஞ்சு போச்சு?"

மீதியையும் வழித்துச் சாப்பிட்டார்.

இன்று காலை ஆறு மணிக்கு மாமா சாத்திய எங்கள் கழிவறைக் கதவு இன்னும் திறக்கவில்லை. வெளியே நானும் என் கணவரும் நிற்கிறோம். அவசரம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.