வாசலில் சொன்னது

புதுச் சட்டம் வந்துவிட்டது. அடைக்கலம் கேட்டு வருபவர்களை வருடக்கணக்கில் முகாமில் போட்டு வைக்கக் கூடாது. விசாரித்த அன்றே முடிவு சொல்ல வேண்டும். அவசரத்தில் அதிகாரிக்குத் தலைவலி. அவர் கேட்பதைத் தமிழில் சொல்லும் எனக்குத் தொண்டை வலி.

எதிரே ஒரு தையல்காரர்.

"வீட்டுலேர்ந்து கிளம்புறப்போ அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"போயிட்டு வரேன்னு சொன்னேன்."

நான் அதை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்துத் தொலைத்தேன். அதிகாரி நிமிர்ந்தார்.

"அப்போ திரும்பிப் போற எண்ணம் இருக்கு! உயிருக்கு ஆபத்துன்னதெல்லாம் பொய்யா?"

"ஐயோ, அது சும்மா பேச்சுக்குச் சொல்றது சார்! 'போறேன்'னு மொட்டையா சொன்னா அம்மா உடைஞ்சு போயிருப்பாங்க."

நானும் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அதிகாரி மசியவில்லை. 'நிராகரிப்பு' முத்திரையைக் கையில் எடுத்தார்.

தையல்காரர் எழுந்து நடந்தார். வாசலில் திரும்பி, பழக்கதோஷத்தில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றார் அதிகாரி.

"போயிட்டு வரேன்னு சொல்றார்."

"எங்கே, இந்த ஆபீசுக்கா?" அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "இங்கே திரும்பி வரணும்னு எவனாவது நினைப்பானா?"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் சிரிப்பு நின்றது.

"அவரைக் கூப்பிடுங்க" என்றவர், மேஜை இழுப்பறையைக் குடைய ஆரம்பித்தார். "இந்த 'அனுமதி' முத்திரையை எங்கேதான் வச்சுத் தொலைச்சேன்?"