வாத்து முட்டைக்கு வந்த குட்டிப் பெட்டி

கோழிமுட்டை இன்குபேட்டரில் நேரத்தை மில்லிசெகண்டில் எண்ணிய முப்பத்திரண்டு பிட் கணினி நினைவகப் பெட்டியை, வாத்துமுட்டை இன்குபேட்டருக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

“தள்ளு தம்பி, நான் எண்ணுகிறேன்” என்றது அங்கிருந்த அறுபத்துநாலு பிட் பெட்டி.

“உனக்கு ஆகிற இடத்தில் பாதி போதும் எனக்கு! இருபத்தொரு நாளில் எத்தனை ஈடு கோழிக்குஞ்சு இறக்கியிருக்கிறேன், தெரியுமா?”

“எனக்கு இருபத்தெட்டு நாள் ஆகுமே!” என்றது முட்டைக்குள்ளிருந்த வாத்துக்குஞ்சு.

“ஏழு நாளுக்கு இவ்வளவு பேச்சா? வாயை மூடு!”

இருபத்தைந்தாம் நாள் குட்டிப் பெட்டி தனக்குக் கொள்ளும் கடைசி எண் வரை நிரம்பி, அதற்குமேல் இடமில்லாமல் பூஜ்யத்துக்குக் கீழே மைனஸ் எண்ணில் தலைகுப்புற விழுந்தது. “முட்டை வைக்க இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கு!” என்று கத்தியது.

“அப்போ எனக்கென்ன வேலை?” என்று முட்டைக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருந்த பல்பு அணைந்தது.

“ஐயோ, குளிருது! நான் இங்கேதான் இருக்கேன்!”

“எரிடா மடையா! இருபத்தைந்து நாள் ஆச்சு!” என்று அதட்டியது சும்மா இருக்காமல் எண்ணிக்கொண்டிருந்த பெரிய பெட்டி. பல்பு பதறி எரிந்தது.

இருபத்தெட்டாம் நாள் குஞ்சு ஓட்டை உடைத்துத் தலையை நீட்டியது. “அண்ணே, நீங்க எத்தனை நாள் எண்ணுவீங்க?”

“முப்பது கோடி வருஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சல்.”

மூலையிலிருந்து குட்டிப் பெட்டி செருமியது. “காடை முட்டை வந்தால் என்னைக் கூப்பிடுங்கள். பதினெட்டே நாள்!”