டெலாலிக்கு என்ன ஆச்சு?

"டெலாலி" என்று யாய்ரா சந்தைக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். தக்காளிக் கூடைக்கு முன்னால் குனிந்திருந்தவள் நிமிர்ந்து, பச்சைத் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, யார் இவள் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாள்.

இப்படி நடப்பது மூன்றாவது முறை. முதலில் வண்டி நிலையத்தில், அடுத்தது வங்கி வரிசையில், இப்போது சந்தையில். ஹோ நகரத்தில் ஒருத்தரைக் கண்டும் காணாமல் போவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். அதுவும் இருபது வருஷப் பழக்கம்.

யாய்ராவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஊரில் அவளைப் பிடிக்காதவர் கிடையாது. அவளுடைய மளிகைக் கடைக்கு யார் வந்தாலும் சரி, முதல் தடவை வருகிறவரோ பத்து வருஷ வாடிக்கையோ, எல்லோருக்கும் ஒரே மாதிரி "வா என் செல்லமே" தான். அப்படிப்பட்டவளுக்கா இந்த அவமானம்?

டெலாலியிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. யாய்ரா எடுக்கவில்லை. நேரில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறவளுக்குப் போனில் மட்டும் என்ன கொஞ்சல் வேண்டிக் கிடக்கிறது என்று கணவன் சேலோமிடம் பொரிந்து தள்ளினாள். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. இனி அவள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று முடிவே கட்டிவிட்டாள்.

அந்த முடிவு இரண்டு நாள்தான் நின்றது. மூன்றாம் நாள் காலையில் கடை ரேடியோவில் ஒரு டாக்டர் பேசினார். சிலருக்கு மூளையில் முகங்கள் தங்குவதே இல்லையாம். கண் நன்றாகத் தெரியும், புத்தியிலும் குறைவில்லை, ஆனால் கூடப் பிறந்தவளே தெருவில் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாதாம். நிறையப் பேர் தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஆயுசையே ஓட்டிவிடுவார்களாம். பக்கத்தில் இருப்பவர்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார் அவர்.

சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்த யாய்ராவின் கை அப்படியே நின்றது. டெலாலிக்குத் திமிர் இல்லை. பாவம், அவளுக்கு உடம்பில்தான் ஏதோ கோளாறு.

சேலோமுக்கு அது ஒப்பவில்லை. டெலாலி பள்ளிக்கூட டீச்சர், நாற்பது பிள்ளைகளை எப்படிச் சமாளிக்கிறாள் என்று கேட்டான். பிள்ளைகள் தினமும் அதே இடத்தில்தானே உட்காருகின்றன என்று யாய்ரா அவனை மடக்கினாள்.

"சரி, போய்ச் சொல்லு. ஆனா எடுத்த எடுப்புல மூளை கீளைன்னு ஆரம்பிக்காத. கொதிக்கிற குழம்பத் தூக்கி மேல ஊத்திருவா" என்றான் சேலோம்.

சனிக்கிழமை மத்தியானம், வறுத்த மீனும் சோளமாவு உருண்டையுமாக ஒரு தூக்கு நிறையக் கட்டிக்கொண்டு யாய்ரா கிளம்பினாள். எப்படி ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். பள்ளி விடுமுறைதானே, வீட்டில்தான் இருப்பாள்.

கதவைத் திறந்தவள் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். டெலாலி இருக்கிறாளா என்று யாய்ரா அவளிடம் கேட்டாள்.

"போன எடுக்கறதில்ல, இப்ப ஆளையும் தெரியலையா? உள்ள வாடி" என்றது டெலாலியின் குரல். இருபது வருஷமாகப் பின்னல் போட்டிருந்தவள் இப்படி ஒட்ட வெட்டிக்கொண்டால் யாருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டே யாய்ரா உள்ளே போனாள்.

மீன் பாதி தீரும்வரை பொறுத்தாள். டெலாலி ஏதோ நல்ல சேதி சொல்ல வாயெடுத்தாள். முதலில் என்னைப் பேச விடு என்று அவளை அடக்கிவிட்டு யாய்ரா தொடங்கினாள். வண்டி நிலையம், வங்கி, சந்தை எல்லாவற்றையும் சொன்னாள். உன்மேல் துளி கோபமும் இல்லை என்றாள். ரேடியோ டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். இதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை, தெரிந்துகொண்டாலே பாதி சுமை இறங்கிவிடும் என்று முடித்தாள்.

டெலாலி முதலில் சிரித்தாள். பிறகு மெல்வதை நிறுத்தினாள்.

"என்னைப் பார்த்தது என்னிக்கெல்லாம்?" என்று கேட்டாள்.

யாய்ரா விரல் விட்டு எண்ணினாள். வண்டி நிலையத்தில் மூன்று வாரத்துக்கு முன்னால். வங்கியில் போன வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை. சந்தையில் இந்தச் செவ்வாய்க்கிழமை.

டெலாலி கை கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யாய்ராவின் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த டாக்டரை எங்கே பார்க்கலாம் என்று விசாரித்தாள். திங்கட்கிழமையே இரண்டு பேருமாகப் போய்விடலாம் என்றாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று யாய்ரா கனவிலும் நினைக்கவில்லை.

"நீ ஒண்ணும் பயப்படாதடி" என்றாள் டெலாலி.

"நான் எதுக்குப் பயப்படணும்?"

"எனக்குப் பேத்தி பொறந்திருக்கா. ஒரு மாசமா குமாசியில மக வீட்டுல இருந்துட்டு, நேத்துதான்டி ஊருக்கே வந்தேன்."